திருகோணமலை வளர்ந்தால் திருகோணமலையாக இருக்குமா?

உப்புவெளி மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். கம்பஸில் ஒரு கருத்தரங்குக்காக வாசித்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பு, காலனித்துவத்திலிருந்து விடுபட்ட நாடுகளில் பொருளாதார வளர்ச்சியும் பண்பாட்டு அடையாளமும். வகுப்பில் பாதிப் பேர் வளர்ச்சி வேண்டுமென்றால் பழையதில் கொஞ்சத்தை விட்டுத்தான் ஆகவேண்டும், சிங்கப்பூர் அப்படித்தான் முன்னுக்கு வந்தது என்கிறார்கள். மற்றவர்கள் ஹோட்டலும் தொழிற்சாலையும் நுழைந்த ஊரில் மொழி, கோயில், கடல் எதுவும் மிஞ்சாது என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் அரைகுறையாகத்தான் படுகிறது.

வீட்டிலும் இதே வாக்குவாதம்தான். அண்ணன் நிலாவெளியில் ஹோட்டல் வேலை. சீசன் தொடங்கினால்தான் வீட்டுக் கடன் அடைகிறது, நான் படிப்பதும் அந்தச் சம்பளத்தில்தான். அம்மம்மாவுக்கோ அந்தப் பக்கம் போகவே விருப்பமில்லை. முன்பு கருவாடு காயப்போட்ட மணலில் இப்போது சாய்கதிரை போட்டு வைத்திருக்கிறார்கள், கேட்டால் தனியார் இடம் என்கிறார்கள் என்று கோபப்படுகிறார். இரண்டு பேரில் ஒருவரையும் பிழை சொல்ல முடியவில்லை.

கேள்வி இதுதான். வளர்ச்சி வந்தால் அடையாளம் போய்த்தான் ஆகவேண்டுமா? இரண்டையும் ஓரளவுக்காவது காப்பாற்றிய நாடு எது? புத்தகத்தில் கிடைக்கிற பதிலை விட, நம் ஊரை வைத்து யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கரைவலைக்காரன் மகன்:

தங்கச்சி, நாடுகளைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் கடற்கரையைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் கரைவலை இழுப்பது கையால்தான். வலையைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வந்தால், கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், கயிறு இடுப்போடு சேர்ந்து இறுகும், குதிகால் மணலில் புதையும், ஒருவர் அம்பா பாட்டில் ஓர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுத்துக்கொண்டே பதில் பாடுவார்கள். அந்தப் பாட்டு பொழுதுபோக்கு இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வலை நகரும், அந்த நேரத்தைக் கொடுப்பது பாட்டு. மீன் சேருகிற வலையின் மடி கரைக்கு நெருங்க நெருங்க பாட்டின் வேகமும் கூடும். பிறகு பல இடங்களில் உழவு இயந்திரத்தின் பின்னால் வின்ச், அதாவது கயிறு சுற்றும் இயந்திரம், பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். நாலைந்து பேர் போதும். என்ஜின் சத்தத்தில் பாட்டுக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை.

இதைக் கேட்டதும் ஐயோ பாட்டு போய்விட்டதே என்று கவலைப்படுபவர்கள் அநேகமாகக் கயிறு இழுக்காதவர்கள். அப்பாவின் உள்ளங்கை கடைசிவரை சுருங்கியபடியே இருந்தது, விரலை முழுதாக நீட்ட வராது. அந்த வேலையை அதே மாதிரி என் பிள்ளை செய்யவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பாட்டைப் பதிவு செய்யலாம், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கலாம், மேடையில் பாடலாம். செய்யட்டும், நல்லது.

எனக்கு வலிக்கிற இடம் வேறு. கரைவலைக்குப் பாடு வேண்டும், அதாவது வலை விட்டு இழுக்கிற அளவுக்குத் தடையில்லாத கரை. வாடி, அதாவது மீனவர் குடிசை, போட ஒரு துண்டு மணல் வேண்டும். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஹோட்டல் மதில் வந்தால் வின்ச் இருந்தும் பயனில்லை, பாட்டு இருந்தும் பயனில்லை. கருவி மாறினால் நாங்கள் சமாளித்துக்கொள்வோம், தோணிக்கு என்ஜின் வந்தபோதும் சமாளித்தோம். கரை போனால் மீனவர் என்பது அடையாள அட்டையில் தொழில் என்ற இடத்தில் மட்டும்தான் இருக்கும். உங்கள் அம்மம்மா கோபப்படுவது நாற்காலியைப் பார்த்து இல்லை தங்கச்சி, தன்னை யாரும் கேட்கவில்லை என்றுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி சொன்ன கடைசி வரியை மகள் கருத்தரங்கில் அப்படியே எடுத்துப் பேசலாம். நான் பொருளியல் படிப்பித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கவேண்டும். வளர்ச்சிக்கு முன்னால் நம் ஊர் தன் பாட்டில் தூய்மையாக இருந்தது, பிறகு பொருளாதாரம் வந்து கெடுத்தது என்று நினைப்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கோட்டை கட்ட எடுத்தார்கள். பிறகு ஒல்லாந்தர், நடுவில் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர். எல்லோருக்கும் வேண்டியிருந்தது துறைமுகம், ஊர் இல்லை. சீனன்குடாவில் ஆங்கிலேயர் 1930களில் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும், 99 தாங்கிகள் இன்றைக்கும் நிற்கின்றன. கப்பற்படைக்காகக் கட்டியது, ஊருக்காக அல்ல. 1948இல் சுதந்திரம் வந்தும் கடற்படைத் தளம் 1957வரை அவர்கள் கையில்தான் இருந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தாங்கிகள் காட்டுக்குள் சும்மா கிடந்தன. 2003இல் குத்தகை, 2022 ஜனவரியில் இந்தியாவோடு புதிய ஒப்பந்தம், அதில் 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு. இந்த முடிவுகளில் ஒன்றுகூட திருகோணமலையில் எடுக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. காலனித்துவம் விட்டுப்போன முக்கியமான பழக்கம் இதுதான், ஊரின் சொத்தைப் பற்றி ஊருக்கு வெளியே பேசி முடிப்பது.

புல்மோட்டைக் கனிய மணலும் அப்படித்தான். 1957இல் அரச கூட்டுத்தாபனம் வந்தது. இல்மனைட் என்பது வெள்ளைப் பெயின்டுக்கு வேண்டிய டைட்டேனியத்தின் மூலப்பொருள். நாம் மணலாக ஏற்றுகிறோம், வேறு நாடுகள் அதைப் பெயின்டாக்கி விற்கின்றன. தேயிலையைப் பெட்டியில் அனுப்பிய அதே வழி. வளர்ச்சி என்ற பெயரில் மூலப்பொருளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் அடையாளமும் மிஞ்சாது, காசும் மிஞ்சாது.

இனி நாடுகள். கொரியாவை எடுங்கள். 1910 முதல் 1945வரை ஜப்பானின் பிடியில் இருந்தது. 1930களின் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கொரிய மொழியை ஒதுக்கினார்கள், 1940இல் ஆட்களின் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றச் சொன்னார்கள். விடுதலைக்குப் பிறகு போர், பஞ்சம், உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அந்த நிலையில் அவர்கள் தங்கள் எழுத்தில், தங்கள் மொழியில் முழு நாட்டுக்கும் படிப்புக் கொடுத்துத்தான் தொழிற்சாலைக்கு ஆள் தயாரித்தார்கள். தென்கொரியாவின் வளர்ச்சி தாய்மொழியில் நடந்த வளர்ச்சி. இராணுவ ஆட்சியும் தொழிலாளர் அடக்குமுறையும் அதோடு சேர்ந்தே இருந்தன, அதை மறைத்துவிட்டுப் புகழக்கூடாது.

சிங்கப்பூர் வேறு மாதிரி. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, நாணயத்தில் இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஆனால் 1987இலிருந்து பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் முதல் மொழி. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு ஹொக்கியன், தியோச்சியூ, கன்டனீஸ் பேசிய வீடுகளில் தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளைகள் பேசமுடியாமல் போன கதை நிறைய இருக்கிறது. வீடும் மருத்துவமும் வேலையும் கிடைத்தன, அதுவும் உண்மை. உங்கள் வகுப்புத் தோழர்கள் சிங்கப்பூர் என்று சொல்லும்போது எந்த வீட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

நம் நாட்டுக்கு வந்தால், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டு வந்தவர்கள் அடையாளத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொன்னார்கள். காலனித்துவத்தின் ஆங்கிலத்தை இறக்குவதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக்காரனின் மொழியையும் இறக்கினார்கள். படித்த தமிழர்கள் எத்தனை பேர் அரச சேவையை விட்டும் நாட்டை விட்டும் போனார்கள்! பின்னால் போர் வந்தது. ஒருவரின் அடையாளத்தை மற்றவர் மேல் ஏற்றினால் வளர்ச்சியும் சேர்ந்தே கெடும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் நமக்குத் தேவையில்லை.

கிண்ணியாப் பாலம்:

நான் கிண்ணியா. எல்லோரும் இழந்ததைப் பற்றியே எழுதுகிறீர்கள், கொஞ்சம் கிடைத்ததையும் பேசுவோம்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதையில்தான், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான், அக்கரை போவோம். வரிசையில் நின்று, லொறிக்குப் பக்கத்தில் ஒதுங்கி, மழையோ வெயிலோ காத்திருந்து போகவேண்டும். பிள்ளைப்பேறு வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களின் கதை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பாலம் வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் டவுனுக்கு வகுப்புக்குப் போய் வருகிறார்கள், வேலைக்குப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறார்கள். வீதியோரம் முட்டியில் எருமைத் தயிர் விற்கிறவர்களுக்குப் போகிற வருகிற வாகனமெல்லாம் வாடிக்கை. இதனால் எங்கள் மார்க்கமோ தமிழோ சாப்பாடோ எதுவும் குறையவில்லை. படிக்கிற பெண்பிள்ளைகள் கூடினதால்தான் ஊரின் பழைய பாட்டு, பழமொழி, தாலாட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள்.

வளர்ச்சி வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் ஊர்தான் சாட்சி. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாமல் இருந்ததால் ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பல உயிர் போனது. பழைய முறையில் ஆற்றைக் கடப்பது அழகு என்று யாரும் அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்லமுடியாது.

இன்னொன்று தங்கச்சி. "நம் அடையாளம்" என்று எழுதும்போது நம் என்றால் யார் என்று கொஞ்சம் விரித்து எழுதுங்கள். இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோரும் இருக்கிறோம். மூதூர், வெருகல் பக்கம் தமிழ் பேசுகிற கரையோர வேடர்கள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. சாப்பாட்டையே பாருங்கள். நெல் விளைகிற மாவட்டம், ஆனால் 1980இல் துறைமுகத்தில் பெரிய மாவு ஆலை வந்தது. கோதுமை இந்த நாட்டில் விளைவதே இல்லை, கப்பலில்தான் வருகிறது. அந்த மாவில் செய்த கொத்து ரொட்டியை இன்று மூன்று சமூகமும் எங்களுடையது என்று சொல்லிச் சாப்பிடுகிறது. வெளியிலிருந்து வந்ததெல்லாம் அடையாளத்துக்கு எதிரி இல்லை. ஆனால் 2022இல் டொலர் இல்லாமல் கப்பல் தடுமாறியபோது மா விலை ஏறினதையும் பார்த்தோம், அன்றைக்கு அரிசி மாப் பிட்டும் மரவள்ளிக்கிழங்கும்தான் வீட்டைக் காப்பாற்றின. அதனால் வருவதை வரவேற்போம், உள்ளதைக் கைவிடவேண்டாம் என்பதுதான் என் பக்கம்.

மொரீசியஸில் இருந்தவன்:

கிண்ணியா ராத்தா சொன்னதோடு சேர்த்து ஒரு நாட்டைச் சொல்கிறேன், அங்கே சில காலம் ஹோட்டல் துறையில் வேலை செய்திருக்கிறேன். மொரீசியஸ். 1968இல் சுதந்திரம் கிடைத்தபோது கரும்பைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லாத தீவு. 1970இல் ஏற்றுமதி வலயச் சட்டம் கொண்டு வந்து ஆடைத் தொழிற்சாலை, பிறகு சுற்றுலா, பிறகு வங்கித் தொழில் என்று ஏறினார்கள்.

அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் பேசவராது. வீட்டில் கிரியோல், வேலையில் பிரெஞ்சும் ஆங்கிலமும். முதல் தடவை கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் தைப்பூசத்துக்கு நாடு முழுவதும் அரச விடுமுறை. காவடி எடுக்கிறார்கள், வாழையிலையில் ஏழு கறி வைத்துச் சாப்பிடுகிறார்கள், விரதம் இருப்பதில் நம்மை விடக் கண்டிப்பு. நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் புதிய நோட்டு அடித்தபோது தமிழின் இடத்தை ஹிந்திக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று தமிழ்ச் சமூகம் வீதிக்கு இறங்கியது, மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்ப எடுத்து மாற்றி அடித்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் பலர் அந்த எழுத்துக்காக நின்றார்கள்.

இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று இன்றுவரை எனக்குள் வாதம் நடக்கிறது. மொழி போனது வளர்ச்சியால் இல்லை, அதற்கு முன்பே தோட்டத்துக் காலத்தில் தேயத் தொடங்கிவிட்டது. வளர்ச்சி வந்தபோது அவர்களுக்கு ஓட்டு இருந்தது, வேலை இருந்தது, பேச ஓர் இடம் இருந்தது, அதனால் மிஞ்சியதைக் காப்பாற்ற முடிந்தது. நமக்கு மொழி முழுதாக இருக்கிறது, அந்த மற்ற மூன்றும்தான் குறைவு.

உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோட்டலில் வேலை செய்வதால் யாரும் தன் ஊரை இழப்பதில்லை. வரவேற்பறையில் நின்று கோணேசர் கோயிலை, இராவணன் வெட்டை, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை வெளிநாட்டுக்காரருக்குச் சொல்கிறவர் யார், எந்தக் கதையைச் சொல்கிறார் என்பதுதான் விஷயம். இந்தியப் பயணிகளுக்காக இராமாயண யாத்திரை என்று ஒரு பாதை விளம்பரமாகிறது, அதில் நம் கோயிலும் ஓர் இடம். வரட்டும், காசு ஊருக்கு வரும். ஆனால் அந்தப் பேருந்தில் வழிகாட்டியாக ஏறுகிறவர் நம் ஊர்ப் பிள்ளையாக இருந்தால் சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருவதையும், ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடம் வைத்து மக்கள் காத்திருப்பதையும் சொல்லுவார். கொழும்பிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர் இராவணன் கதையோடு நிறுத்திவிடுவார்.

உப்புவெளி மாணவி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கரைவலை அண்ணா சொன்னதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

சேர், ஒரு சந்தேகம். வளங்களை வைத்துக்கொண்டு நல்ல பேரம் பேசி முன்னேறிய நாட்டுக்குப் பொட்ஸ்வானாவை எங்கள் விரிவுரையாளர் உதாரணம் சொன்னார். அதையே நமக்கு வழியாகச் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பாதி சொல்லலாம் மகள். 1966இல் சுதந்திரம், அடுத்த ஆண்டே ஒராபாவில் வைரம். அகழ்கிற நிறுவனத்தோடு பேரம் பேசிப் பேசிச் சரிபாதிப் பங்கு வாங்கினார்கள், அந்தக் காசை வீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போட்டார்கள். புல்மோட்டையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பங்கை அவசியம் சொல்லுங்கள்.

மற்றப் பாதியையும் சொல்லவேண்டும். அதே நாடு மத்திய கலஹாரி வனவிலங்கு ஒதுக்கிடத்தில் பரம்பரையாக வாழ்ந்த சான் மக்களை 1997இலும் 2002இலும் வெளியேற்றியது. உங்களுக்கு வீடும் பள்ளிக்கூடமும் தருகிறோம், வெளியே வாருங்கள் என்றார்கள். அவர்கள் நீதிமன்றம் போய் 2006 டிசம்பரில் வென்றார்கள். நாடு முழுவதற்கும் நல்லது நடக்கும்போது அதற்குள் சிறிய மக்கள் கூட்டம் ஒன்று நிலத்தை இழக்கலாம், கணக்கில் அது தெரியவே தெரியாது.

நம் மாவட்டத்துச் சம்பூரும் அதே 2006தான். போரில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளும் பிறகு நிலக்கரி மின்நிலையத் திட்டத்துக்குள்ளும் போனது. 2015இல்தான் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. புகை இல்லாத மின்சாரம் நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் வயலும் குளமும் அம்மன் கோயிலும் இருக்கிற ஊரில் எந்தக் காணி, யாருடைய மேய்ச்சல் நிலம், எத்தனை பேருக்கு வேலை என்பதை அந்த ஊர்க்காரர்தான் முதலில் கேட்கவேண்டும்.

கரைவலைக்காரன் மகன்:

சேர், கேட்கவேண்டும் என்கிறீர்கள், எங்கே போய்க் கேட்பது? எங்கள் சங்கத்துக்கு ஏதாவது தெரியவரும்போது மதில் பாதி எழும்பியிருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நியாயமான கேள்வி தம்பி. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அறிக்கை வந்தால் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவிப்பு வரும், தமிழிலும் வரவேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழிதான், அதனால் தமிழ்ப் பிரதி கேட்பது உங்கள் உரிமை, சலுகை இல்லை. அந்த 30 நாளில் ஒருவரும் எழுதிக் கொடுக்காவிட்டால் ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்றுதான் கோப்பில் பதிவாகும்.

சிறிய ஹோட்டல்களுக்கு இந்த அறிக்கை தேவைப்படாது, உங்கள் பிரச்சினை பெரும்பாலும் அதில்தான். கரையோரத்தில் கட்டுவதற்கு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். மதில் கட்டத் தொடங்கிய அன்றே சங்கத்தின் பெயரில் அனுமதிப் பத்திரத்தின் விபரம் கேட்டு எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துத் திகதி முத்திரை போட்டு வாங்குங்கள். பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு வரைபடமும் சேர்த்து வைத்தால் நல்லது.

உப்புவெளி மாணவி:

அண்ணா, வரைபடம் கீற எங்கள் வகுப்பில் புவியியல் படிக்கிற இரண்டு பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கரையோடு நடந்து காட்டுவீர்களா? அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், பழைய வாடிகள் எங்கெங்கே இருந்தன என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

கரைவலைக்காரன் மகன்:

காலையில் வாருங்கள், வெயில் ஏறமுன் நடந்து முடிக்கலாம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரையும் வரச் சொல்கிறேன், எல்லை விஷயத்தில் அவர் சொல்லாமல் சங்கம் கையெழுத்துப் போடாது.